ஞானப்பல் எடுத்த பிறகு வரும் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைவாயின் கோடியில் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும் மூன்றாவது கடைவாய்ப்பல்தான் ஞானப்பல். மேல்பல் பெரும்பாலும் சிரமமில்லாமல் வந்துவிடும். கீழ்ப்பல் எலும்புக்குள் சாய்ந்தோ படுத்தோ கிடக்கும். ஈறைக் கிழித்து, எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லைத் துண்டாக்கி எடுக்க வேண்டியிருக்கும். அதனால் இங்கே வரும் கேள்விகளில் முக்கால்வாசி கீழ்ப்பல்லைப் பற்றியவை. படிக்கும் முன் ஒரு கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்: பல் எடுத்த நாளை 0 என்று வைத்தால் இன்று எத்தனையாவது நாள்? அதே வலி இரண்டாம் நாளில் இயல்பு, ஆறாம் நாளில் சிக்கல்.

எந்த நாளில் எது இயல்பு?

பல் எடுத்த அன்று மரப்பு 2 முதல் 5 மணி நேரம் வரை இருக்கும். எச்சிலில் ரத்தம் கலந்து வருவது 24 மணி நேரம் வரை இயல்பு. கன்ன வீக்கம் மறுநாள் காலையில்தான் முழுதாகத் தெரிய ஆரம்பிக்கும்; 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். “நேற்றைவிட இன்று முகம் பெரிதாகிவிட்டது” என்று இரண்டாம் நாள் பயந்துபோய் ஓடிவருபவர்கள் நிறைய. அது எதிர்பார்த்ததுதான். விழுங்கும்போது தொண்டை வலிப்பது, அந்தப் பக்கக் காது குடைவது, வாய் ஓரம் வெடிப்பது எல்லாம் இரண்டு மூன்று நாளில் போய்விடும். நான்காம் நாளிலிருந்து வீக்கமும் வலியும் இறங்குமுகமாக இருக்க வேண்டும். ஏழாம் நாள் தையல் பிரிக்கும்போது வீக்கம் ஏறக்குறைய வடிந்திருக்கும்.

வலி எவ்வளவு என்பதைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்த வலி திரும்ப ஏறினால் ஏதோ நடந்திருக்கிறது.

எதற்கெல்லாம் காத்திருக்காமல் ஓட வேண்டும்?

மூச்சு விடச் சிரமம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, நாக்கின் அடிப்பகுதி மேலே தூக்கிக்கொண்டு கெட்டியாவது, தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் மரக்கட்டை போல இறுகுவது, வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் குழறுவது, கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீக்கம் ஏறுவது. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. 108-க்கு அழைத்து, அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்தபடியே அழைத்துச் செல்லுங்கள்.

கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேர்நுனி, வாயின் அடித்தளத் தசை தாடையில் ஒட்டும் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கே பிடித்த சீழ் நேராகக் கழுத்துக்குள் இறங்கும். 1836-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்ததால் இன்றும் ‘லுட்விக் ஆஞ்சைனா’ என்றே பெயர். அடிக்கடி வருவதில்லை, ஆனால் வந்தால் சில மணி நேரங்களில் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

ரத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

முதலில் வருவது கசிவா, ஒழுக்கா என்று பாருங்கள். ஒரு சொட்டு ரத்தம் வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிவிடும். தலையணையில் இளஞ்சிவப்புக் கறை, துப்பினால் சிவந்த எச்சில் என்றால் கசிவு. வாயைத் துடைத்த உடனே மறுபடி அடர்சிவப்பாக நிறைவது, ஈரல் துண்டு போல் கட்டி கட்டியாக வருவது என்றால் ஒழுக்கு.

செய்ய வேண்டியது இது. வாயில் தொங்கும் கட்டி இருந்தால் ஈரத்துணியால் வழித்து எடுங்கள். சுத்தமான காஸ் துணியை நனைத்துப் பிழிந்து, கட்டை விரல் பருமனுக்கு மடித்து, பல் இருந்த குழியின் மேல் நேராக வையுங்கள். பக்கத்துப் பல்லின்மேல் வைத்துவிட்டு “கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நிற்கவில்லை” என்பவர்கள்தான் அதிகம். கண்ணாடி முன் நின்று இடத்தைப் பார்த்து வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து 30 நிமிடம் அழுத்திக் கடியுங்கள். கடிகாரம் பார்த்து 30 நிமிடம். நடுவில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து “நின்றதா” என்று பார்த்தால் ஒட்டிவரும் உறைவு காஸோடு பிய்ந்து வரும். வெறும் பஞ்சைவிட காஸ் நல்லது. பஞ்சின் இழை காயத்தில் ஒட்டிக்கொள்ளும். காஸ் இல்லாத நேரத்தில் டீ பையை வெந்நீரில் நனைத்து ஆறவிட்டுக் கடிக்கலாம்; தேயிலையின் டானின் ரத்தம் உறைய உதவும். கிரீன் டீ வேண்டாம், சாதாரண கறுப்புத் தேயிலைதான்.

இரண்டு முறை, ஒவ்வொன்றும் 30 நிமிடம் செய்தும் ஒழுக்கு நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அவர் மரப்பு ஊசி போட்டு, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, உறையவைக்கும் ஸ்பாஞ்ச் வைத்துத் தைப்பார், அல்லது உறைவு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த காஸைக் கடிக்கச் சொல்வார்.

இன்னொன்று: வீட்டுக்குப் போகும்போது நின்றிருந்த ரத்தம் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி தொடங்குவது உண்டு. மரப்பு ஊசியில் கலந்திருக்கும் அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். அதன் வேகம் குறைந்ததும் குழாய்கள் விரியும். அதற்காகத்தான் கிளம்பும்போதே கையில் நாலைந்து காஸ் கொடுத்து அனுப்புகிறார்கள்.

துப்பக்கூடாது என்கிறார்கள். ரத்தத்தை விழுங்கினால் ஒன்றும் ஆகாதா?

கசியும் அளவை விழுங்கினால் ஒன்றும் ஆகாது. நிறையப் போனால் குமட்டும், மறுநாள் மலம் கறுப்பாகப் போகலாம், அவ்வளவுதான். காறித் துப்பும்போது வாய்க்குள் ஏற்படும் உறிஞ்சல் குழியில் உறைந்த ரத்தத்தை இழுத்துவிடும். ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுவதும் அதே வேலையைத்தான் செய்யும். இளநீரைத் தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள்.

ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் குழியில் வரும் ரத்தத்தை அழுத்தியும் தைத்தும் நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தியதால் இதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் அதை அப்படி சமாளிக்க முடியாது. ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுபவர்களுக்குப் பொதுவாக நிறுத்தாமலே பல் எடுக்கிறார்கள். வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் பல் எடுக்கும் முன் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்திருக்க வேண்டும். பல் எடுத்த பிறகு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் “நான் அசிட்ரோம் சாப்பிடுகிறேன்” என்று வாய் திறந்து சொல்லுங்கள். அது ஐ.என்.ஆரை ஏற்றிவிடும், நான்கைந்து நாள் கழித்து திடீரென்று ரத்தம் வருவதற்கு இது ஒரு காரணம்.

ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடமா?

முதல் 24 மணி நேரம் ஐஸ், வெளியே கன்னத்தில். துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் எடுத்துவிடுங்கள். தூங்கும்போது வேண்டாம், மரத்துப்போன கன்னத்தில் ஐஸ் நேராகப் பட்டுத் தோல் புண்ணாகும். 48 மணி நேரத்துக்குப் பிறகு ஐஸால் பெரிய பயன் இல்லை. அப்போது வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தால் இறுகிய தசை தளரும். முதல் இரண்டு இரவு தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுப்பதும் வீக்கத்தைக் கணிசமாகக் குறைக்கும்.

பல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, சில நிமிடங்களில் கன்னம் பலூன் மாதிரி ஊதி, தொட்டால் மொறமொறவென்று இருந்தால் அது காற்று. காற்றில் ஓடும் டிரில்லிலிருந்து தோலுக்கடியில் புகுந்தது. பெரும்பாலும் சில நாளில் தானாக வடியும், ஆனால் மருத்துவர் கண்ணில் இருக்க வேண்டும்.

வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. எப்போது சரியாகும்?

நலமாக இருக்கும்போது உங்கள் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு இடையில் நுழைக்கலாம். ஏறக்குறைய 35 மி.மீ.க்கு மேல். பல் எடுத்த இரண்டாம் மூன்றாம் நாள் இது ஒரு விரலாகக் குறைவது வழக்கம். மெல்லும் தசைகளைச் சுற்றி வீக்கம் இருப்பதாலும், மரப்பு ஊசி தசை வழியாகப் போனதாலும் அப்படி ஆகிறது. ஒரு வாரம், இரண்டு வாரத்தில் சரியாகும்.

மூன்றாம் நாளிலிருந்து பயிற்சி தொடங்கலாம். 5 நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம். பிறகு எத்தனை ஐஸ்கிரீம் குச்சி பற்களுக்கு இடையில் வசதியாக நுழைகிறதோ அத்தனையை அடுக்கி வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருங்கள். மறுநாள் ஒரு குச்சி கூடுதலாக. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. இழுக்கிற மாதிரி இருக்கலாம், குத்துகிற வலி வரக்கூடாது. எண்ணிக்கையை எழுதி வைப்பது நல்லது. 8 குச்சி, 10 குச்சி என்று ஏறிக்கொண்டிருந்தால் பயமில்லை. 12 வரை போய்விட்டு மறுபடி 7-க்கு இறங்கினால், கூடவே காய்ச்சல் இருந்தால், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

முதல் இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி காது வரைக்கும் விண் விண்ணென்று தெறிக்கிறது. ஏன்?

இந்தப் பக்கத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தேடுவது இதைத்தான். டிரை சாக்கெட். தமிழில் உலர்குழி என்று சொல்லலாம். 1896-இல் கிராஃபோர்ட் என்பவர் இந்தப் பெயரை வைத்தார்.

பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து மூடி போல் உட்காரும். அதன்மேல்தான் புதுச் சதை வளரும். அந்த உறைவு காலத்துக்கு முன்பே கரைந்தோ பெயர்ந்தோ போனால் உள்ளே எலும்பு வெறுமையாக நிற்கும். காற்று பட்டாலும் தண்ணீர் பட்டாலும் உயிர் போகிற வலி. பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் தொடங்கும். அடையாளங்கள்: காது, நெற்றிப்பொட்டு, தாடை விளிம்பு என்று பரவும் கடுப்பு, வலி மாத்திரை போட்டாலும் ஒரு மணி நேரம்கூடத் தாங்காதது, வாயில் கெட்ட வாடையும் சுவையும், டார்ச் அடித்துப் பார்த்தால் குழியில் கருஞ்சிவப்பு உறைவு இல்லாமல் சாம்பலோ வெளிர் மஞ்சளோ ஆன எலும்பு. பொதுவாகக் காய்ச்சல் இருக்காது, புது வீக்கமும் இருக்காது, சீழும் இருக்காது. சீழ் பிடித்ததிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

சாதாரணப் பல் எடுத்தால் 100-ல் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும். கீழ் ஞானப்பல்லில் இன்னும் பல மடங்கு அதிகம். பீடி, சிகரெட் குடிப்பவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், பல்லைச் சுற்றி ஏற்கெனவே ஈறு வீங்கியிருந்தவர்கள், எடுக்க வெகுநேரம் பிடித்த பல் ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடுதல். நீங்கள் ஏதோ தப்பு செய்ததால்தான் வந்தது என்று நினைக்க வேண்டாம். ஸ்ட்ரா தொடாதவர்களுக்கும் வரும்.

மருத்துவர் என்ன செய்வார்? வெதுவெதுப்பான சலைனால் குழியைக் கழுவி, தங்கிய சோற்றுப் பருக்கையையும் குப்பையையும் எடுப்பார். பிறகு யூஜினால் (கிராம்பில் இருக்கும் பொருள்) உள்ள மருந்தைத் தடவிய காஸ் நாடாவையோ, பஞ்சு போன்ற மருந்தையோ உள்ளே வைப்பார். வைத்த சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் வலி பாதிக்குமேல் அடங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு முதல் நான்கு தடவை போதும். காஸ் நாடா வைத்திருந்தால் அதை எடுக்க மறக்காமல் போங்கள். வலி போய்விட்டது என்று நாடாவை உள்ளேயே விட்டுவிட்டால் அதுவே ஆறவிடாமல் தடுக்கும். “மறுபடி சுரண்டி ரத்தம் வரவைத்தால் புது உறைவு உருவாகும்” என்ற பழைய முறையை இப்போது தவிர்க்கிறார்கள். ஆறிக்கொண்டிருக்கும் இடத்தையும் சேர்த்துக் கிளறிவிடும்.

ஒன்றுமே செய்யாவிட்டாலும் 7 முதல் 14 நாளில் தானாக ஆறும். அந்தப் பத்து நாளைத் தாங்குவதுதான் பாடு.

இதற்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் போதாதா?

போதாது. உலர்குழி தொற்று இல்லை. எலும்பு வெளியே தெரிவதால் வரும் வலி. மருந்துக்கடையில் ஐந்து நாள் அமாக்சிசிலின் வாங்கிப் போட்டு, ஐந்தாம் நாள் வலி குறைந்தால் “மருந்து கேட்டது” என்பார்கள். அது தானாகக் குறைந்தது. காய்ச்சல், சீழ், பரவும் வீக்கம் இருந்தால் மட்டுமே ஆன்டிபயாடிக்குக்கு வேலை, அதுவும் மருத்துவர் பார்த்த பிறகு. மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் அது முடிந்து மூன்று நாள் வரை மது வேண்டாம்: முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரலாம். வாயில் இரும்பைச் சப்பிய மாதிரி சுவை வருவது அந்த மாத்திரையால்தான்.

மருந்தில் இருப்பது கிராம்புதானே? கிராம்பு எண்ணெயை நானே விடலாமா?

யூஜினால் கிராம்பில் இருப்பது உண்மைதான். ஆனால் சுத்தக் கிராம்பு எண்ணெய் ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் சுட்டுவிடும். விடிந்ததும் மருத்துவரிடம் போகலாம், அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால், சிறு காஸ் துண்டில் ஒரு சொட்டு விட்டு, அதிகப்படியை ஒற்றியெடுத்து, குழியின் வாயில் 20 நிமிடம் வைத்து எடுத்துவிடலாம். குழிக்குள் திணிக்க வேண்டாம். முழுக் கிராம்பைக் கடித்து வைப்பது, புகையிலையை அடக்குவது, மஞ்சள்தூளை அப்புவது எல்லாம் குழிக்குள் குப்பை சேர்ப்பதுதான். நல்லெண்ணெய் கொப்பளிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு வாரம் ஒத்திப்போடுங்கள்.

குழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. சீழா?

அழுத்தினால் வழியாமல், குழியோடு ஒட்டியபடி மெத்தென்று இருந்தால் அது ஆறும் படலம். முழங்கால் சிராய்ப்பின் பொருக்கு வாயின் ஈரத்தில் ஊறினால் எப்படி இருக்கும், அப்படித்தான். சுரண்டாதீர்கள். விரலால் அழுத்தும்போது மஞ்சளாகத் திரவம் வெளியே வந்தால்தான் சீழ்.

குழிக்குள் சாப்பாடு போய் மாட்டிக்கொள்கிறது.

எல்லோருக்கும் மாட்டும். தயிர் சாதம் நல்லது என்று சாப்பிடுவார்கள். அதில் தாளித்த கடுகு ஒன்று குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கடுகு, எள், மிளகாய் விதை, ரவை, பொரி, முறுக்குத் துகள்: இவைதான் முதல் எதிரிகள். இரண்டு வாரம் தாளிக்காமல் சாப்பிடுங்கள்.

24 மணி நேரம் கழித்து உப்புத் தண்ணீர்: ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துத் தலையை இடம் வலமாகச் சாய்த்து, வாயைத் திறந்து கீழே வழியவிடுங்கள். களகளவென்று கொப்பளிக்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும், படுக்கும் முன் ஒருமுறை.

ஐந்தாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, சிரிஞ்ச். வளைந்த முனை உள்ள பிளாஸ்டிக் சிரிஞ்ச் பல் மருத்துவரிடம் கிடைக்கும். உப்புத் தண்ணீரை நிரப்பி, முனையைக் குழியின் வாயில் மட்டும் வைத்து, மெதுவாக அழுத்துங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை. குழியின் மேலே ஈறு மூட மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை தொடருங்கள். குழிக்குள் எலும்பு நிரம்ப மூன்று முதல் ஆறு மாதம். டூத்பிக், ஊசி, தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

வலி மாத்திரைகளை எப்படிச் சேர்த்துப் போடுவது?

இபுப்ரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமாலும் சேர்ந்தால் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாக வேலை செய்யும். மரப்பு விடும் முன்பே, ஏதாவது சாப்பிட்ட பிறகு, முதல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள். வலி ஏறிய பிறகு துரத்திப் பிடிப்பது கஷ்டம்.

நம் ஊரில் தவறு நடப்பது கலவை மாத்திரைகளில். காம்பிஃப்ளாமில் இபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கிறது. ஜீரோடால்-பி-யில் அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒரே வகை மருந்து இரட்டிப்பாகி வயிறும் சிறுநீரகமும் அடிவாங்கும். காம்பிஃப்ளாம் மூன்று வேளை, இடையில் டோலோ 650 நான்கு என்றால் பாராசிட்டமால் மட்டும் 3,575 மி.கி.; பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உச்சவரம்பு 4,000. கெட்டோரோலாக் கொடுத்திருந்தால் நாளுக்கு 40 மி.கி.க்கு மேலும், ஐந்து நாளுக்கு மேலும் கூடாது. அதோடு இபுப்ரோஃபென் சேர்க்கவும் கூடாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இருப்பவர்கள் மருத்துவர் சொல்லாமல் பாராசிட்டமாலைத் தாண்ட வேண்டாம்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை. பல் எடுத்த சில நாளில் கடும் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் எல்லாவற்றையும் பல்லின் தலையில் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும். ரத்தப் பரிசோதனை முடியும்வரை பாராசிட்டமால் மட்டும்.

எல்லாம் ஆறி மூன்று வாரம் ஆகிவிட்டது. இப்போது திடீரென்று வீங்குகிறது. இது எப்படி?

கீழ் ஞானப்பல்லுக்கே உரிய வம்பு இது. தைத்த ஈறுக்கு அடியில் மாட்டிய உணவோ எலும்புத் துகளோ வாரக்கணக்கில் சும்மா இருந்து, பிறகு சீழாகும். கன்னத்தில் கெட்டியான வீக்கம், வாயில் உப்புக் கரிக்கும் சீழ், தாடைக்கடியில் நெறி கட்டுவது. மருத்துவர் அந்த இடத்தைத் திறந்து கழுவிவிட்டால் வேகமாக அடங்கும். கழுவாமல் மாத்திரை மட்டும் போட்டால் நிறுத்திய பத்தாம் நாள் திரும்ப வரும்.

கீழுதடும் முகவாயும் மறுநாளும் மரத்தே இருக்கிறது. நரம்பு போய்விட்டதா?

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. அதிலுள்ள நரம்பு உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அந்தக் குழாயை உரசிக்கொண்டே இருக்கும். ஓபிஜி எக்ஸ்ரேயில் (தாடை முழுவதையும் காட்டும் படம்) வேர்நுனி கறுத்துத் தெரிவது, குழாயின் வெள்ளைக் கோடு அறுபடுவது போன்றவை முன்னெச்சரிக்கை. அப்போது சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். நசுங்கிய நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் மீளும். நிரந்தரமாக மரத்துப்போவது 100-ல் ஒன்றுக்கும் குறைவு. உதடு அசையும், கோணாது. உணர்ச்சி மட்டும்தான் போயிருக்கும்.

24 மணி நேரம் தாண்டியும் மரப்பு இருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டில் செய்ய வேண்டியது: கண்ணாடி முன் உட்கார்ந்து, பஞ்சு நுனியால் தொட்டு, உணர்ச்சி இல்லாத இடத்தின் எல்லையைப் பேனாவால் குறித்து, போட்டோ எடுங்கள். வாரம் ஒருமுறை. எல்லை சுருங்கினாலோ, எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தாலோ நரம்பு விழிக்கிறது. மெத்தில்கோபாலமின் மாத்திரை வழக்கமாகக் கொடுக்கிறார்கள். கெடுதல் இல்லை, ஆனால் அது நரம்பை மீட்டுத் தரும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதம் ஆகியும் துளி மாற்றம் இல்லையென்றால் முக அறுவை சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும். தாமதித்தால் தைத்துச் சரிசெய்யும் வாய்ப்பு குறையும்.

அதுவரை சூடான காபியை முதலில் மற்றப் பக்கம் வைத்துப் பாருங்கள். உதடு வெந்தது தெரியாமலே குடித்துவிடுவீர்கள்.

நாக்கின் ஒரு பாதி மரத்து, ருசியும் தெரியவில்லை.

நாக்கு நரம்பு, ஞானப்பல்லின் உட்பக்கம் எலும்பை ஒட்டியே ஓடுகிறது. முன்நாக்கின் ருசி நரம்பும் அதோடு சேர்ந்துதான் வரும். இது மிருதுவான சதைக்குள் இருப்பதால் முழுதாக அறுபட்டால் தானாக வழி தேடிச் சேர்வது கடினம். எனவே மேலே சொன்னதைவிட இதற்குக் கெடு குறுகியது. நான்கு முதல் ஆறு வாரத்தில் குறுகுறுப்புகூட வரவில்லையென்றால் நிபுணர் பார்க்கட்டும்.

மேல்பல் எடுத்தேன். தண்ணீர் குடித்தால் மூக்கில் வருகிறது!

மேல் ஞானப்பல்லின் வேருக்கும் சைனஸ் அறைக்கும் நடுவே சிலருக்குக் காகிதக் கனத்தில்தான் எலும்பு. பல்லோடு அது உடைந்து வந்தால் வாய்க்கும் மூக்குக்கும் வழி திறந்துவிடும். 2 மி.மீ.க்குள் இருந்தால் தானாக மூடும். பெரிதென்றால் தைக்க வேண்டும், அல்லது கன்னச் சதையை இழுத்து மூட வேண்டும். சோதிக்கிறேன் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதாதீர்கள். சின்ன ஓட்டை பெரிதாகும். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், ஸ்ட்ரா, புகை, பலூன் ஊதுதல் வேண்டாம். நாகஸ்வரம், புல்லாங்குழல், சங்கு ஊதுபவர்கள் கச்சேரித் தேதியைப் பல் எடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஈறில் கூராக ஏதோ குத்துகிறது. இன்னொரு பல் முளைக்கிறதா?

இல்லை. எலும்பு விளிம்போ, உதிர்ந்த எலும்புச் சில்லோ. சில வாரங்களில் தானாக வெளியே வந்து விழும், அல்லது மருத்துவர் ஒரு நிமிடத்தில் இடுக்கியால் எடுத்துவிடுவார். ஆனால் எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஜோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்து போட்டவர்களுக்கும், தாடைக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும் எலும்பு தெரிந்தால் அது வேறு கதை. எட்டு வாரம் தாண்டியும் மூடாத எலும்பு தாடை எலும்புச் சாவாக இருக்கலாம். அவர்கள் சில்லு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

தையல் அவிழ்ந்து தொங்குகிறது.

கறுப்புப் பட்டு நூல் என்றால் ஏழாம் நாள் பிரிக்க வேண்டும். விக்ரில் போன்ற கரையும் நூல் இரண்டு முதல் நான்கு வாரத்தில் உதிரும். தொங்கும் நுனியை இழுக்காதீர்கள். மூன்றாம் நாளுக்கு முன் முழுதாக அவிழ்ந்து ரத்தம் வந்தால் மட்டும் அவசரம்.

கழுத்து, மார்பு வரை நீலமும் மஞ்சளுமாக இருக்கிறதே?

கன்றிய ரத்தம் சதைக்குள் கீழே வடிகிறது. வயதானவர்களுக்கு அதிகம். 10 முதல் 14 நாளில் மறையும்.

சர்க்கரை இருக்கிறது. ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

ஆறத் தாமதமாகும், தொற்றும் சீக்கிரம் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இதற்கு நேர் எதிரானது. வாய் திறக்காமல் அரை தம்ளர் கஞ்சியோடு நிறுத்திவிட்டு, இன்சுலினையோ கிளிமிபிரைடையோ வழக்கமான அளவில் எடுத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வியர்த்து, கை நடுங்கினால் முதலில் சர்க்கரைத் தண்ணீர். சாப்பாடு குறையும் நாட்களுக்கு மருந்தளவை எப்படி வைப்பது என்று சர்க்கரை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வெற்றிலை, பீடி எப்போது தொடங்கலாம்?

குறைந்தது 72 மணி நேரம் கூடவே கூடாது, ஒரு வாரம் என்றால் நல்லது. புகையின் சூடு, உறிஞ்சல், நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்குவது என்று மூன்று பக்கத் தாக்குதல். வெற்றிலை போடுபவர்களுக்குச் சுண்ணாம்பு பச்சைப் புண்ணைச் சுடும், பாக்குத் துகள் குழிக்குள் போகும். ஈறு மூடும்வரை வேண்டாம்.

கெட்டியானது எப்போது மெல்லலாம்?

முதல் நாள் ஆறிய கஞ்சி, மோர், ஐஸ்கிரீம். அடுத்து குழைந்த சாதம், இட்லியைப் பாலிலோ சாம்பாரிலோ ஊறவைத்து. எலும்பை நிறையச் செதுக்கி எடுத்திருந்தால் முறுக்கு, சீடை, மட்டன் எலும்பு நான்கு வாரம் வரை வேண்டாம். அரிதாக, குறிப்பாக 40 வயது தாண்டிய ஆண்களுக்கு, இரண்டு மூன்று வாரத்தில் கெட்டியானதைக் கடிக்கும்போது ‘டக்’ என்று சத்தம் கேட்டுத் தாடை விரிசல் விடும். சத்தத்துக்குப் பிறகு பற்கள் முன்போலச் சேர்ந்து கடிக்கவில்லையென்றால் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

மருத்துவருக்குப் போன் செய்தால் என்ன சொல்வது?

“ரொம்ப வலிக்குது டாக்டர்” என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. எந்தப் பக்கம், மேலா கீழா, இன்று எத்தனையாவது நாள், வலி ஏறுகிறதா இறங்குகிறதா, காய்ச்சல் எத்தனை டிகிரி (38 செல்சியஸ் அல்லது 100.4 பாரன்ஹீட்டுக்கு மேலா), வாய் எத்தனை விரல் திறக்கிறது, விழுங்க முடிகிறதா, என்னென்ன மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நல்ல வெளிச்சத்தில் குழியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. கிளினிக் மூடியிருந்து ரத்தம் நிற்கவில்லையென்றால், பல் மருத்துவர் இல்லாவிட்டாலும் பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் அழுத்தி நிறுத்தி, தேவையானால் தையல் போட முடியும். பழைய ஓபிஜி படத்தையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.